பத்தாவது ஆள்

நான் உள்ளே நுழைந்ததும் ஒன்பது முகங்கள் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. ஒன்பதிலும் நிம்மதி தெரிந்தது. மூலையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் வாய்விட்டே சொல்லிவிட்டார்: "வாருங்கள் தம்பி, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்."

அங்கே இருந்த கொரோனாத் தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பத்துப் பேருக்கும் போட்டு முடித்துவிட வேண்டும், மிஞ்சியது வீண். அது 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது என்று பத்துப் பேர் சேரும்வரை குப்பியைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். அந்த ஒன்பது பேரும் ஒரு மணி நேரத்துக்கு மேலாக அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது ஆள் நான்.

செவிலியர் என் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டார். குளிர்பெட்டியைத் திறந்தார். சிரிஞ்சு ஒன்றை எடுத்து அதன் காகித உறையைப் பிரித்தார். அந்தக் காகிதம் கிழிகிற சத்தம் மிகச் சின்னது. எனக்கு அது காதுக்குள்ளேயே கிழிந்தது போல இருந்தது. நாக்கு உலர்ந்தது. உள்ளங்கைகள் வியர்த்தன. "வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டேன், இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"சீக்கிரம் வந்துவிடுங்கள் தம்பி" என்றார் பெரியவர்.

நான் திரும்பிப் போகவில்லை. என் நினைவில் அவர்கள் ஒன்பது பேரும் இன்னும் அந்த நாற்காலிகளிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "யோசித்துப் பார்த்தேன், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் போட்டுக்கொள்ளலாம்" என்றேன். அவள் காரணம் கேட்டாள். என் கையில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பத்து வருடம் எடுக்க வேண்டிய மருந்தைப் பத்தே மாதத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள், நீண்ட கால விளைவு யாருக்குத் தெரியும், நம்மைப் போன்றவர்களை வைத்துத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். படித்தவன் பேசுகிற தோரணையில் நிதானமாகச் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

உண்மை இதுதான்: எனக்கு ஊசி என்றால் பயம். எல்லாருக்கும் இருக்கிற தயக்கத்தைச் சொல்லவில்லை. ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி ஊசி போட்டார்கள். எனக்கு முன்னால் நான்கு பேர். ஸ்பிரிட் வாசனை, பஞ்சு, எனக்கு முன்னால் நின்றவன் பல்லைக் கடித்துக்கொண்டது, எல்லாம் நினைவிருக்கிறது. என் முறை வருவதற்குள் காதுக்குள் ரீங்காரம் எழுந்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது தரையில் கிடந்தேன். மேசை முனையில் மோதி நெற்றி பிளந்திருந்தது. அந்தத் தழும்பு இடது புருவத்துக்கு மேலே இன்னும் இருக்கிறது. கிரிக்கெட் பந்து பட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன், மனைவியிடமும்.

அதன்பின் நாற்பது ஆண்டுகள் நான் ஊசியைச் சுற்றிச் சுற்றி வாழ்ந்தேன். இரத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப் போட்டேன். காய்ச்சல் வந்தால் மாத்திரை போதும் என்று மருத்துவரிடம் மன்றாடினேன். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளில் எனக்கு ஏதாவது ஒரு வேலை முளைத்துவிடும். மனைவிதான் தனியாகத் தூக்கிக்கொண்டு போவாள். இப்படியே ஒரு வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்று நம்பியிருந்தேன். உலகம் முழுவதும் ஒரே ஊசிக்காக வரிசையில் நிற்கிற காலம் ஒன்று வரும் என்று யார் கண்டார்கள்?

2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்ன நாளிலிருந்து, மற்றவர்களைப் போலவே நானும் தடுப்பூசி வராதா என்று ஏங்கியவன்தான். அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர மருத்துவமனையில், இன்னும் ஒரு வாரத்தில் 91 வயதாகப்போகிற மார்கரெட் கீனன் என்ற மூதாட்டி ஊசி போட்டுக்கொண்டார். மருந்துச் சோதனைகளுக்கு வெளியே, முழுமையாகச் சோதித்து முடித்த அந்தத் தடுப்பூசியை உலகில் முதன்முதலாகப் பெற்றவர் அவர். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து என் அம்மா கண் கலங்கினார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஊசி அவர் கைக்குள் இறங்கிய நொடியில் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்தக் காட்சி ஓயவில்லை. தடுப்பூசி பற்றி எந்தச் செய்தி வந்தாலும், எண்ணிக்கையோ அறிவிப்போ எதுவானாலும், பின்னணியில் யாரோ ஒருவருடைய கையில் ஊசி இறங்கிக்கொண்டே இருந்தது. அதுவும் மிக நெருக்கத்தில், திரை முழுவதும். ஊருக்கெல்லாம் நம்பிக்கை கொடுப்பதாக நினைத்துத்தான் அதைக் காட்டினார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது ஒவ்வொரு நாளும் பத்து முறை ஊசி குத்தியதற்குச் சமம். நான் செய்தி பார்ப்பதையே நிறுத்தினேன். துக்கச் செய்திகளைப் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட பிறகு சிரிக்கிற முகத்தைக் காட்டியிருந்தால் போதுமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

அம்மா வயதானவர் என்பதால் அவருடைய முறை முன்னதாகவே வந்தது. அழைத்துப் போனது மனைவி. திரும்பி வந்ததும் அம்மா ரவிக்கைக் கையை மேலே ஏற்றி என்னிடம் காட்டினார். சிறு வயதில் அம்மை குத்திய தழும்பு அவருடைய இடது மேற்கையில் உண்டு. வட்டமாக, நடுவில் குழிந்து, ஓரத்தில் மெல்லிய கோடுகள் ஓடும். குழந்தையாக இருந்தபோது அந்தக் குழியில் விரல் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அதற்கு இரண்டு விரல் கீழே இப்போது ஒரு சின்னப் பிளாஸ்திரி. "அப்போது அம்மைக்குக் குத்தினார்கள், அந்த அம்மையே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. இதுவும் அப்படிப் போய்விடும்" என்றார். பெரியம்மை ஒழிந்தது என்று 1980 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. அந்த நோய் வந்து போன முகங்களைச் சிறு வயதில் பார்த்தவர் அம்மா. அதனால் அவருக்கு ஊசியைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சித்தப்பாவின் கதை வேறு. அப்பா போன பிறகு எங்களுக்கு எல்லாமாக இருந்தவர் அவர். அறுபதைத் தாண்டியவர். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதானாலும் முதலில் என்னைக் கேட்பார். தடுப்பூசிக்கும் அப்படித்தான் கேட்டார்: "நீ என்னப்பா நினைக்கிறாய்?"

மனைவியிடம் சொன்ன அதே காரணங்களை அவரிடமும் சொன்னேன். "போடாதீர்கள்" என்று நான் சொல்லவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்! ஆனால் நான் ஊசி அறையிலிருந்து எழுந்து வந்த செய்தி எப்படியோ அவருக்குப் போய்விட்டது. "நீயே யோசித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாய் என்றால் ஏதோ இருக்கிறது. நானும் கொஞ்சம் பொறுக்கிறேன்" என்றார். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அதை மென்று விழுங்கினேன்.

மூன்றாவது வாரத்தில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறல். மருத்துவமனையில் பதினேழு நாள். அதில் பதினொரு நாள் ஆக்ஸிஜன். உள்ளே யாரையும் விடவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டு தொலைபேசியில் பேசுவேன். ஒரு வாக்கியத்தை அவர் இரண்டு மூன்று துண்டாக்கித்தான் சொல்ல முடிந்தது. "சாப்பிட்டாயா" என்று கேட்பதற்குக்கூட நடுவில் ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

அவர் பிழைத்து வந்தார். முன்னதாக ஊசி போட்டிருந்தால் நோயே வந்திருக்காது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் ஊசி போட்ட உடனேயே முழுப் பாதுகாப்பு வந்துவிடுவதும் இல்லை, உடல் அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரமாவது வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் நான் போட்டுப் பார்த்துவிட்டேன். கணக்கு எப்படி வந்தாலும், அவர் தள்ளிப் போட்டது என் வார்த்தையை நம்பி என்பது மாறவில்லை. அந்த வார்த்தை என் அறிவிலிருந்து வந்தது என்று அவர் நினைத்தார். அது வந்தது என் பயத்திலிருந்து.

அவர் ஆக்ஸிஜனோடு படுத்திருந்த ஒரு இரவில்தான் மனைவியிடம் சொன்னேன். சாவி, பெரியவர், ஒன்பது பேர், ஏழு வயது, நெற்றித் தழும்பு, எல்லாவற்றையும். அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றாள். மறுநாள் காலை எங்கள் குடும்ப மருத்துவருக்கு அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

அந்த மருத்துவர் சொன்னது என் நாற்பது ஆண்டு வெட்கத்தைப் பாதியாகக் குறைத்தது. பாம்பையோ உயரத்தையோ கண்டு பயந்தால் இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். ஆனால் ஆள் மயங்கி விழுவது அபூர்வம். இரத்தத்தையும் ஊசியையும் கண்டு பயப்படுகிறவர்களில் பலருக்கு மட்டும் அழுத்தம் முதலில் ஏறி, அடுத்த நிமிடமே சரசரவென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகிற இரத்தம் ஒரு கணம் குறையும், கண் இருட்டும், ஆள் சாய்ந்துவிடுவார். இது கோழைத்தனமில்லை, உடம்பின் ஒரு அனிச்சைச் செயல். பல குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. அப்பா எதற்காக ஒருமுறைகூட இரத்த தானம் செய்ததில்லை என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் எழுந்தது. கேட்பதற்கு அவர் இல்லை.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் வகுத்தது. கை, கால், வயிறு ஆகியவற்றின் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும், முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை. பிறகு அரை நிமிடம் இயல்பாக விட வேண்டும். இப்படி ஐந்து முறை. தசை இறுகும்போது இரத்த அழுத்தம் விழாமல் நிற்கிறது. அது விழாவிட்டால் மயக்கமும் வராது. ஊசி போடுகிற கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். மாத்திரை இல்லை, செலவில்லை, யாருக்கும் தெரியாமல்கூடச் செய்யலாம். இதை ஏழாவது வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்! ஒரு வாரம், நாளுக்கு ஐந்து வேளை, படுக்கையில் உட்கார்ந்து பழகினேன். பக்கத்தில் மனைவி கடிகாரத்தைப் பார்த்து விநாடி எண்ணினாள்.

அந்த வாரத்தில்தான் நான் வாய் கிழியப் பேசிய காரணங்களுக்கு விடை தேடிப் படித்தேன். பத்து மாதத்தில் எப்படி வந்தது? வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. மார்ச் 16 அன்றே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சோதனை ஊசி முதல் தன்னார்வலருக்குப் போடப்பட்டது. இந்த வேகம்தான் என்னைப் போன்றவர்களுக்குச் சந்தேகமாகத் தெரிந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த ஆண்டுகளை நான் பார்க்கவே இல்லை. எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று உடலின் செல்களுக்குச் சொல்லும் மரபணுச் செய்திதான் எம்ஆர்என்ஏ. கத்தலின் கரிகோ, ட்ரூ வைஸ்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதில் ஓர் எழுத்தை மாற்றினால் உடல் அதை எதிரியாக நினைத்துக் கொந்தளிக்காது என்று கண்டு எழுதியது 2005இல். அந்த மாற்றம் இல்லாவிட்டால் கொரோனாவுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் இல்லை. நிதிக்காக அலைந்து, பதவி இறக்கப்பட்டும் ஆய்வை விடாதவர் கரிகோ. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது எனக்கு யாரோ வீட்டு மனிதர்களுக்குக் கிடைத்தது போல இருந்தது. இதே கொரோனா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த சார்ஸ், மெர்ஸ் வைரஸ்கள் 2002இலும் 2012இலும் தலைகாட்டியபோதே, அவற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதம்தான் குறிவைக்க வேண்டிய இடம் என்று ஆய்வாளர்கள் கண்டுவைத்திருந்தார்கள்.

பத்து வருடம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி காத்திருப்பு. பணத்துக்குக் காத்திருப்பது, சோதனைக்கு ஆள் சேரக் காத்திருப்பது, ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்கக் காத்திருப்பது. இம்முறை அந்தக் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நடத்தினார்கள். முடிவு தெரியுமுன்பே, தோற்றால் பணம் போகட்டும் என்று மருந்தை உற்பத்தி செய்து வைத்தார்கள். இன்னொன்றும் உண்டு, அதைப் படித்தபோது மனம் கனத்தது. நோய் அவ்வளவு வேகமாகப் பரவிக்கொண்டிருந்ததால்தான் முடிவும் வேகமாக வந்தது. 43,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஒரு சோதனையில், 170 பேருக்கு நோய் வந்ததும் கணக்குப் பார்த்தார்கள். அவர்களில் 162 பேர் வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்கள், 8 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். அமைதியான காலமாக இருந்திருந்தால் அந்த 170ஐ எட்ட எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இவ்வளவும் தெளிவாக எழுதிக் கிடந்தது. முன்பே படித்திருந்தால் ஊசி போட்டிருப்பேனா? மாட்டேன். வேறொரு காரணத்தைத் தேடிப் பிடித்திருப்பேன். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு இருந்தது சந்தேகமே இல்லை; அதனால் எந்த விளக்கமும் அதைத் தொட்டிருக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஐக்கிய இராச்சியத்தில் ஏறத்தாழ 15,000 பேரிடம் கேட்டுப் பார்த்ததில், நான்கில் ஒருவருக்கு ஊசிப் பயத்தின் அறிகுறிகள் இருந்தன. கொரோனாத் தடுப்பூசி மீதான தயக்கத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு இந்தப் பயமே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள். தயங்கியவர்கள் எல்லாரையும் அறிவிலிகள் என்று திட்டிய நாள்களில், அந்தப் பத்தில் ஒருவர் என்ன செய்திருப்பார்? பயத்தைச் சொன்னால் கேலி செய்வார்கள்; சந்தேகத்தைச் சொன்னால் குறைந்தபட்சம் வாதமாவது செய்வார்கள். வளர்ந்த ஆணுக்குச் சந்தேகம் ஒரு கௌரவமான சட்டை. நான் அதைப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது முறை அதே இடத்துக்குத்தான் போனேன், மனைவியோடு. அதே செவிலியர் இருந்தார். என்னை அடையாளம் கண்டாரா என்று முகத்தில் தெரியவில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான். வரிசையில் உட்காருவதற்கு முன்பே அவரிடம் போய், "சிஸ்டர், எனக்கு ஊசி என்றால் பயம். சிறு வயதில் மயங்கி விழுந்திருக்கிறேன்" என்றேன். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு அந்நியரிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். குரல் நடுங்கியது.

அவர் சிரிக்கவில்லை. வியக்கவும் இல்லை. "முன்னாலேயே சொன்னது நல்லது. படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம், விழுவதற்கு இடமே இருக்காது" என்றார். உள்ளே ஒரு பெஞ்சைக் காட்டினார். எனக்கு முன்னால் யாருக்கும் போடுவதை நான் பார்க்க வேண்டாம் என்று திரையை இழுத்துவிட்டார். நாற்பது ஆண்டுகளாக நான் அஞ்சி ஓடியதற்கு அவர் கொடுத்த தீர்வு ஒரு பெஞ்சும் ஒரு திரையும்தான்.

படுத்துக்கொண்டு கால்களையும் வயிற்றையும் இறுக்கத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு என்று மனைவி என் வலது கையைப் பிடித்தபடி எண்ணினாள். செவிலியர் இடது தோளில் விரல்களை வைத்து எலும்பைத் தடவி, அதற்குக் கீழே தசை தடித்திருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டார். "மருந்து எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டேன், ஏதாவது பேச வேண்டுமே என்று. "அரை மில்லி. ஒரு தேக்கரண்டியில் பத்தில் ஒரு பங்கு" என்றார். அந்த அளவை நான் மனத்துக்குள் பார்க்க முயன்றுகொண்டிருந்தபோதே, "முடிந்துவிட்டது" என்றார்.

எறும்பு கடித்த அளவுகூட வலியில்லை என்று எழுத மாட்டேன்; வலித்தது. ஒரு கிள்ளு, பிறகு உள்ளே ஒரு கனம். ஆனால் காதில் ரீங்காரம் வரவில்லை. கண் இருட்டவில்லை. கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதன் மூன்று இறக்கைகளும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

மற்றவர்களுக்குப் பதினைந்து நிமிடம், எனக்கு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொன்னார். அந்தக் காத்திருப்பு எதற்கென்று பலருக்குத் தெரிவதில்லை. இரண்டே நிமிடத்தில் நழுவிப் போகிறவர்களை அன்று பார்த்தேன். கடுமையான ஒவ்வாமை லட்சக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கே வருகிறது. வந்தால் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே வரும், உடனே அட்ரினலின் கொடுத்தால் ஆளைக் காப்பாற்றிவிடலாம். அதற்கான மருந்து மேசை மேல் ஒரு தட்டில் தயாராக இருந்தது. அதைப் பார்த்தபோது பயம் கூடவில்லை, குறைந்தது. வரக்கூடியதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து ஒருவர் தட்டில் எடுத்து வைத்திருக்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது.

அன்று இரவு குளிர் எடுத்தது. இரண்டு போர்வை போதவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. விடிந்ததும் காய்ச்சல் விட்டுவிட்டது. இதில் எவ்வளவு மருந்தின் வேலை, எவ்வளவு என் மனத்தின் வேலை என்று பிரிக்கத் தெரியவில்லை. நான் சொன்ன அதே சோதனையில் உப்புநீர் போட்டுக்கொண்ட இளவயதினரிலும் மூன்றில் ஒருவர் சோர்வாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். எதுவானாலும், அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. உடம்பு எதையோ கற்றுக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம்.

ஒன்பது பேரின் நினைவு மட்டும் கரையவில்லை. ஏழை நாடுகள் பலவற்றில் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கிற மருத்துவப் பணியாளர்களுக்கே முதல் ஊசி கிடைக்காமல் இருந்த மாதங்கள் அவை. எனக்காக ஒரு குப்பி குளிர்பெட்டியிலிருந்து வெளியே வரவிருந்தது. நான் இல்லாத சாவியைத் தேடிப் போனேன். அந்தப் பெரியவர் அன்று போட்டுக்கொண்டாரா, பதினோராவதாக யாராவது வந்தார்களா என்று இரண்டாவது முறை போனபோது செவிலியரிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. தினமும் எத்தனை பேரைப் பார்க்கிறார், அவருக்கு எப்படி நினைவிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது ஊசிக்கு, 2022இல், சித்தப்பாவும் நானும் சேர்ந்து போனோம். குணமாகிச் சில மாதம் கழித்து அவரும் போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். இப்போதும் மாடி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். அன்றும் படிகளில் நின்றார், நானும் நின்றேன். எனக்கு இம்முறை பெஞ்சு தேவைப்படவில்லை. உட்கார்ந்தே போட்டுக்கொண்டேன், கால்களை இறுக்கிக்கொண்டு.

இருவருக்கும் ஆளுக்கொரு சின்னத் துண்டுச் சீட்டில் நேரம் எழுதிக் கொடுத்தார்கள். 10.40. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சுவர்க் கடிகாரம் எதிரிலேயே இருந்தது. சீட்டை விரல்களுக்கு நடுவில் மடித்து விரித்து, மடித்து விரித்து, கடைசியில் சொன்னேன்.

"சித்தப்பா, அன்றைக்கு நான் எழுந்து வந்தது மருந்தின் மேல் சந்தேகத்தால் இல்லை. ஊசியைக் கண்டு பயந்துதான் ஓடி வந்தேன். உங்களிடம் மறைத்துவிட்டேன்."

அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் கடிகாரத்தின் மேலேயே இருந்தன. மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. பிறகு பஞ்சு ஒட்டியிருந்த தன் இடது கையை எடுத்து, என் கையில் சீட்டு இருந்த இடத்தில் வைத்து மூடினார்.

"சிறு பிள்ளையாக இருக்கும்போதே தெரியும், நீ அதற்குப் பயப்படுவாய் என்று. உன் அப்பாவும் அப்படித்தான்" என்றார். கொஞ்சம் நின்று மூச்சை இழுத்துக்கொண்டார். "பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உன்கூட வந்திருப்பேனேப்பா. இரண்டு பேரும் அன்றைக்கே போட்டுக்கொண்டு வந்திருக்கலாம்."

10.55 ஆகிவிட்டது, போகலாம் என்று சைகை காட்டினார்கள். நாங்கள் எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.